பிள்ளைப் பக்கம்

யாழிசையின் வயிற்றுக்குள் ஒரு வாசல் இருக்கிறது என்பதும், அந்த வாசலில் யார் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் நிற்பது என்று இரண்டு சம்பந்திகளும் முறைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்பதும் எங்கள் அடுக்ககம் முழுக்கத் தெரிந்த சங்கதி. நான் சொல்லித்தான் தெரியும்.

அதற்காக என்னை வம்பளப்பவள் என்று நினைத்துவிடாதீர்கள். என் சமையலறை ஜன்னலை அவர்கள் ஹாலுக்கு நேரே வைத்தது கட்டடம் கட்டியவர் செய்த வேலை. கண்ணை மூடிக்கொண்டா வெண்டைக்காய் நறுக்க முடியும்? இதில் வரும் பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். கோயமுத்தூர் என்பதை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் கோகிலாவின் பேச்சு ஒட்டாது.

கோகிலா, யாழிசையின் அம்மா. பொள்ளாச்சிப் பக்கம். ஒரு வாக்கியத்தில் இரண்டு 'ங்க' போட்டு, இரண்டுக்கும் நடுவில் கத்தியைச் செருகத் தெரிந்தவர். உலகம்மாள், மாமியார். பாளையங்கோட்டை. அவருக்கு 'ங்க'வும் கிடையாது, உறையும் கிடையாது. கத்தி நேராகவே வரும். இவர்களுக்கு நடுவில் அகப்பட்டவன் இசக்கிராஜன், யாழிசையின் புருஷன். ஆபீஸில் 'ஐசக்' என்று கூப்பிடுவார்களாம். வீட்டில் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவனாகவே வந்து நிற்பான், திட்டு வாங்கிக்கொண்டு போவான்.

யாழிசைக்கு நாலாம் மாதம் நடக்கும்போது இடுப்பில் 'கருக்காவல்' பட்டை ஏறியது. இப்போதெல்லாம் அது இல்லாத கர்ப்பிணியைத்தான் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். ஓர் ஊசி, ஒரு பட்டை, போனில் ஓர் ஆப். அவ்வளவுதான். ஊசி போடப் போனபோது நானும் துணைக்குப் போனேன். கூப்பிட்டார்களா என்று கேட்காதீர்கள். காரில் இடம் இருந்தது.

டாக்டர் ஷமீலா பொறுமைசாலி. மேஜைமேல் ஓர் அட்டையை நிறுத்திக் காட்டினார்.

“நஞ்சுக்கொடிங்கிறது ஒரு சுவர் மாதிரின்னு வெச்சுக்குங்க. இந்தப் பக்கம் அம்மாவோட ரத்தம். அந்தப் பக்கம் குழந்தையோட ரத்தம். ரெண்டும் கலக்காது. சாமான் மட்டும்தான் கை மாறும்.”

“கல்யாண வீட்டுல நஞ்சு கிஞ்சுன்னு சொல்லுதிய. கொடின்னு மட்டும் சொல்லுங்க” என்றார் உலகம்மாள். நாங்கள் உட்கார்ந்திருந்தது ஆஸ்பத்திரி.

“சரி, கொடி. அந்தச் சுவருக்கு ரெண்டு தோல். ஒவ்வொரு தோல்லயும் புரதங்கள் பதிஞ்சு நிக்கும். சிலது கதவு, சர்க்கரைய விடும். சிலது கூலியாள், சத்தை இழுத்து உள்ள போடும். சிலது வாட்ச்மேன். தெரியாத சாமான், மருந்து, விஷம் ஏதாவது வந்தா பிடரியப் பிடிச்சு வந்த வழியே தள்ளிடும்.”

“அந்த வாட்ச்மேன் தூங்குவாரா?” என்று நான் கேட்டேன். எங்கள் அடுக்ககத்து அனுபவம் அப்படி.

“தூங்க மாட்டார். ஆனா அவருக்கு ஒரு வேலைதான் தெரியும். எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறாரோ அந்தப் பக்கம் தள்ளுவார். அதனாலதான் இயற்கையிலயே அவரை அம்மா ரத்தத்தைப் பார்த்து நிக்க வெச்சிருக்கு. இந்த ஊசி போட்டா, எந்தத் தோல்ல யார் எத்தனை பேர்ங்கிறதை போன்லயே கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம், இடம் மாத்தலாம். எடை ஏறாத குழந்தைக்கு ரொம்ப உதவி. தேவையில்லாம மட்டும் கை வெச்சிடாதீங்க.”

நம் ஆட்களிடம் எதைச் சொல்லக்கூடாதோ அதைச் சொல்லி முடித்தார்.

ஆப் தமிழில் இருந்தது. வினை அங்கேதான். சுவரின் இரண்டு தோலுக்கும் பெயர் சூட்டிய புண்ணியவான், அம்மாவின் ரத்தத்தைப் பார்த்த தோலுக்குத் 'தாய்ப் பக்கம்' என்றும், குழந்தையின் ரத்தத்தைப் பார்த்த தோலுக்குப் 'பிள்ளைப் பக்கம்' என்றும் வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளரின் போன் எண்ணை அது கேட்டது. ஒன்று கர்ப்பிணியுடையது, இன்னொன்று மருத்துவருடையது என்பது கம்பெனியின் உத்தேசம். இசக்கிராஜன் படித்துப் பார்த்தான். தாய்ப் பக்கம் என்றால் தாய் வீட்டுப் பக்கம். பிள்ளைப் பக்கம் என்றால் பிள்ளை வீட்டுப் பக்கம். கல்யாணப் பத்திரிகை பார்த்து வளர்ந்த பையன் வேறு எப்படிப் படிப்பான்? யாழிசையிடம் கேட்டிருக்கலாம். அவள் அப்போது குளியலறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் சண்டை பெயரிலேயே வந்தது.

“எங்கூர்ல புள்ளைன்னா பொண்ணுங்க சம்பந்தி. 'என்ற புள்ள'ன்னா என் பொண்ணுன்னு அர்த்தமுங்க. அப்போ பிள்ளைப் பக்கம் எங்களுதுதானுங்க?” என்றார் கோகிலா.

“பிள்ளை வீடுன்னா மாப்பிள்ளை வீடு. ஒலகத்துக்கே தெரியும். பொள்ளாச்சிக்கு மட்டும் பஸ்ஸு போகலையாக்கும்?”

“பஸ்ஸு நெறைய இருக்குதுங்க. நீங்க எப்ப வேணாலும் ஊருக்குக் கெளம்பலாமுங்க.”

சோதித்துப் பார்ப்பதற்காக இசக்கிராஜன் தற்காலிகமாகக் கோகிலாவின் போனைத் தாய்ப் பக்கத்தில் சேர்த்தான். சற்று நேரத்தில் அது 'டிங்' என்றது. கோகிலா போனைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“சரிங்க சம்பந்தி. பிள்ளைப் பக்கம் நீங்களே வெச்சுக்குங்க. எனக்குத் தாய்ப் பக்கமே போதுமுங்க.”

உலகம்மாளுக்கே தூக்கிவாரிப் போட்டது. எனக்கும்தான். லிஃப்டில் கடைசியாக ஏறியவர் முதலில் இறங்க வேண்டும் என்று ஒன்பதாம் மாடிக்காரரிடம் கட்சி கட்டியவர் கோகிலா. அவர் விட்டுக்கொடுக்கிறார் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. என்ன என்று அன்றைக்குத் தெரியவில்லை. அந்தக் குறையோடுதான் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சமையல் இரண்டு வாசல் தாண்டிப் போக வேண்டியதாயிற்று. யாழிசை ஒரு வாய் சாப்பிட்டுச் செரித்ததும் பட்டை அதை ஊகித்துவிடும். 'சொதி வாசலில். அனுமதிக்கவா?' என்று தாய்ப் பக்கத்துக்குச் செய்தி வரும். சொதி உலகம்மாள் வைத்தது. தேங்காய்ப்பாலை மூன்று தரம் பிழிந்து, கை வலிக்க வலிக்க வைத்தது. கோகிலா 'வேண்டாம்' அழுத்துவார்.

“தேங்காய் ஜாஸ்திங்க. புள்ளைக்குச் சளி புடிச்சுக்கும் பாருங்க.”

“வயித்துல இருக்க பிள்ளைக்கு எங்கன சளி பிடிக்கும்? நல்லாக் கேட்டுக்கோ இசக்கி, ஒன் மாமியா டாக்டருக்குப் படிச்சிருக்கா.”

மறுநாள் கோகிலா வைத்த அரிசிம்பருப்புச் சாதம் தாய்ப் பக்கத்தைத் தாண்டிப் பிள்ளைப் பக்கத்துக்கு வந்ததும் உலகம்மாள் 'வேண்டாம்' அழுத்துவார். சொதி சொதியாகப் போவதில்லை, சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் சத்துமாக உடைந்துதான் போகிறது, பெயர் சொல்வதெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரத்துக்குச் சேர்த்த விளையாட்டு என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். விளையாட்டுப் பொத்தானை அழுத்தினாலும் கதவு கொஞ்சம் சாத்தத்தான் செய்யும். அடுத்த தடவை ஸ்கேன் பார்த்தபோது, “எடை ஏறினது போதாது. ரெண்டு பேரும் போனைக் கீழ வைங்கம்மா” என்று சத்தம் போட்டார். வைத்தார்கள். கைக்கு எட்டும் தூரத்தில்.

ஒரு நாள் இருவரின் போனும் சேர்ந்தே அலறின. 'இனம் தெரியாத கல் வாசலில்.' சம்பந்திகள் இருவரும் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரே கட்சி. வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினார்கள். எனக்குத் தெரியும், அது பல்பம். சிலேட்டில் எழுதுகிற பல்பம். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். குழந்தைகள் சிலேட்டையே பார்த்தறியாத இந்தக் காலத்தில் பல்பம் விற்பனை மட்டும் குறையவில்லை என்று கடைக்காரர் சொன்னார். வாங்குகிறவர்கள் எல்லாரும் மசக்கைக்காரிகள்.

என் சமையலறையில் உட்கார்ந்து கடித்துக்கொண்டே யாழிசை சொன்னாள்.

“ஆன்ட்டி, எங்க அம்மாவுக்கு லாகின் இருக்கு. அத்தைக்கு இருக்கு. எனக்கு இல்ல. வயிறு என்னோடது.”

“நீ வாசல்டி கண்ணு. வாசலுக்கு யாராவது சாவி குடுப்பாங்களா?”

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் பல்பத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“மாத்தலாம்னு பார்த்தேன். ரெண்டு பொறுப்பாளரும் ஒத்துக்கணுமாம்.”

“அவங்க ரெண்டு பேரும் எதுக்குடி ஒத்துப்போவாங்க?”

“அதான்.”

ஏழாம் மாதத்தில் இசக்கிராஜன் ஒரு நல்ல காரியம் செய்தான். ஆப்பை டிவியோடு இணைத்தான். சுவரின் குறுக்குவெட்டுப் படம் திரை நிறைய வந்தது. கதவுகள் நீலப் புள்ளி, கூலியாட்கள் பச்சை, வாட்ச்மேன்கள் சிவப்பு. தாய்ப் பக்கத்தில் தேர்த்திருவிழாக் கூட்டம். பிள்ளைப் பக்கத்தில் பஸ் போன பிறகு நிற்கிற பஸ் ஸ்டாண்டு மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும். அந்த ஒன்றிரண்டில் சிவப்பு இல்லவே இல்லை.

உலகம்மாள் திரைக்கு அருகில் போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“எங்க ஆளு எங்க?”

“அம்மா, அது இயற்கையாவே...”

“நீ பேசாத. கல்யாணத்துல இதே கதைதான். அவிய ஆளுவளுக்கு ஃபேனுக்கு அடில நாற்காலி. எங்க ஆளுவளுக்குத் தூணுக்குப் பின்னால. அதையும் பொறுத்தேன். இப்ப எம் பேரப்பிள்ளைக்கு வாசல்ல நிக்க எங்க வீட்டுல ஆளில்லையா? ஒரு வாட்ச்மேன் கூடவா எங்க பக்கம் நிக்கப்படாது?”

“நாங்க என்ன கூட்டியாந்தா நிறுத்துனோமுங்க? அவிங்களா வந்து நிக்கறாங்க.”

“சொல்லிக் குடுத்துருப்பிய.”

இந்தச் செய்தியை நான் எங்கள் அடுக்ககச் சங்கச் செயலாளர் தாமோதரன் காதில் போட்டேன். கார் நிறுத்தும் இடத் தகராறுகளை எல்லாம் தீர்த்துவைத்தவர் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதற்குப் பிறகு யாரும் காரை எடுப்பதே இல்லை என்பதால் தீர்ந்தது. அவர் வந்து படத்தைப் பார்த்தார், ஆப்பைத் தடவினார், 'சமமாகப் பகிர்' என்றொரு பொத்தானைக் கண்டுபிடித்தார்.

“இதிலேயே இருக்கிறதே. பொதுச்சுவர் என்றால் இரு தரப்புக்கும் சம உரிமை. இது எந்தக் கட்டடத்துக்கும் பொருந்தும்.”

உலகம்மாள் அப்போதே தன் பங்குக்கு அழுத்திவிட்டார். கோகிலாவும் அழுத்தினால்தான் வேலை நடக்கும். அவர் மட்டும் மசியவில்லை. கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள். “நீலத்துல பாதி எடுத்துக்குங்க, பச்சையில பாதி எடுத்துக்குங்க. அந்தச் செவப்ப மட்டும் விட்டுருங்க” என்று ஒரே பிடி. இவ்வளவு வீம்பு இந்தப் பெண்மணிக்கு எதற்கு என்று நானே நாலு பேரிடம் பேசினேன். நாலு பேரும் என்னோடு ஒத்துப்போனார்கள்.

வளைகாப்பு அன்று வெடித்தது. ஹாலில் மணை போட்டு யாழிசையை உட்கார வைத்தாயிற்று. பொள்ளாச்சியிலிருந்து கட்டுச்சோறு வந்திருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். இந்தத் தடவை ஃபேனுக்கு அடியில் அவர்கள்தான். முதல் வளையலை மாமியார் போட வேண்டும். உலகம்மாள் வளையலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பாதி ஆளு எங்க பக்கம் வரட்டும். போடுதேன்.”

“சம்பந்தி, நல்ல நேரம் போயிட்டிருக்குதுங்க.”

“போகட்டும். அடுத்த நல்ல நேரம் வரும். எங்க பக்கத்துக்கு ஆளு வருமா?”

ஃபேனுக்கு அடியில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தூணுக்குப் பின்னால் இருந்தவர்களும் முணுமுணுத்தார்கள். தாமோதரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பொதுச்சுவர் பற்றி ஆரம்பித்தார். யாழிசை அம்மாவைப் பார்த்து, “வேண்டாம்மா” என்றாள். கோகிலாவின் போன் தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்போதுதான் இசக்கிராஜன், வாழ்நாளில் முதல் தடவையாக, தானாக ஒரு முடிவு எடுத்தான். போனை எடுத்தான். மாமியார் பாய்வதற்குள் அழுத்திவிட்டான்.

“ஒரே ஒரு பொத்தான். விடுங்கத்தை. முடிஞ்சுது.”

'இடமாற்றம் தொடங்கியது' என்று டிவியில் வந்தது. சிவப்புப் புள்ளிகள் ஒன்று ஒன்றாக எழுந்து, கல்யாணப் பந்தியில் இலை மாறி உட்காருகிறவர்கள் மாதிரி, அந்தப் பக்கம் போய் உட்கார ஆரம்பித்தன. பாளையங்கோட்டை வேன் கைதட்டியது. உலகம்மாள் வளையலைப் போட்டார். எல்லாரும் போட்டார்கள். கண்ணாடி வளையல் சத்தத்தில் கோகிலா அழுததை யாரும் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். சந்தோஷத்தில் அழுகிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். நானும் எப்போதாவது தப்பாகச் சொல்வதுண்டு.

டாக்டர் ஷமீலா தாமதமாக வந்தார். புளிச்சாதத் தட்டோடு உட்கார்ந்து, “என்ன படம் ஓடுது?” என்று டிவியைப் பார்த்தவர், தட்டைத் தாமோதரன் மடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அதே நேரம் உலகம்மாளின் போன் 'டிங்' என்றது. அவர் சத்தமாகப் படித்தார். அவர் மனதுக்குள் எதையும் படிக்கிறவர் இல்லை.

“'வாசலில் மாத்திரை. பிள்ளைப் பக்கக் காவலர் உள்ளே அனுப்புகிறார்.' என்ன மாத்திரைட்டி?”

டாக்டர் யாழிசையின் தோளைப் பிடித்தார். “எல்லாரும் சாப்பிடப் போங்க. வீட்டு ஆளுங்க மட்டும் ரூமுக்குள்ள வாங்க.”

யாழிசை என் பக்கம் திரும்பினாள். “ஆன்ட்டி, நீங்களும் சாப்பிடப் போங்க.”

போனேன். போகிற வழியில் அந்த ரூமை ஒட்டிய துவைக்கிற இடத்தில் பன்னீர்ச் செம்பு கழுவாமல் கிடந்தது. பாத்திரம் கழுவுகிறவளை யாரும் ஆளாக மதிப்பதில்லை. அதனால்தான் கழுவினேன்.

உள்ளே முதலில் டாக்டர் குரல்.

“வாட்ச்மேனைத் திருப்பி நிக்க வெச்சிருக்கீங்க. இத்தனை நாள் அம்மா பக்கம் பார்த்து நின்னு, அந்த மாத்திரைய அம்மா ரத்தத்துக்கே தள்ளிட்டிருந்தான். இப்போ குழந்தை பக்கம் பார்த்து நிக்கிறான். குழந்தை மேல தள்ளுவான். அவன் மேல தப்பில்ல. அவனுக்கு அந்த ஒரு வேலைதான் தெரியும்.”

“மாத்திரைய நிறுத்திட்டா?” இசக்கிராஜன்.

“நிறுத்தினா இவளுக்கு ஃபிட்ஸ் வரும். இந்த நிலைமைல வந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து.”

செம்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். 

“வலிப்பா?” என்றார் உலகம்மாள்.

யாழிசைதான் பதில் சொன்னாள். “காலேஜ்ல வந்துச்சு அத்தை. மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சப்புறம் வரல. அவருக்குத் தெரியும்.”

“ஒனக்குத் தெரியுமால?”

இசக்கிராஜனின் நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது.

“தெனமும் செய்தி எனக்குத்தான் வருமுங்க” என்றார் கோகிலா. 'ங்க' இருந்தது. கத்தி இல்லை. “மொத நாளே வந்துச்சு. 'வாசலில் மாத்திரை.' பார்த்தவொடனே பயந்துட்டேன். அது உங்க போனுக்குப் போகக்கூடாதுன்னுதான் தாய்ப் பக்கமே போதும்னு வாங்கிக்கிட்டேன். தெனமும் 'வேண்டாம்' அழுத்துவேன். செவப்பு ஆளுக திருப்பி அனுப்பீருவாங்க. அவ்வளவுதானுங்க நான் பண்ணுனது.”

“எங்கிட்ட ஏன் மறைச்சிய?”

“சொல்லியிருந்தா பொண்ணு எடுத்திருப்பீங்களா?”

குழாயை மூடினேன். தண்ணீர் சொட்டுகிற சத்தத்தில் எதையாவது விட்டுவிடக்கூடாது.

“எடுத்திருக்க மாட்டேன்” என்றார் உலகம்மாள்.

அவரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான்.

யாழிசை அழவில்லை. “இப்ப என்ன பண்ணப் போறீங்க அத்தை? அந்தச் சிவப்பு எல்லாம் திரும்பிப் போகணும்னா உங்க போன்லயும் அழுத்தணும். நீங்க என்னைத் திட்டுங்க, ஊருக்கே சொல்லுங்க. முதல்ல அதை அழுத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம்.”

“நான் என்ன பொத்தான அழுத்த மாட்டேன்னா சொன்னேன்? கொஞ்சம் இருட்டி.” கண்ணாடியைத் தேடுகிற சத்தம். “டாக்டரம்மா, ஒண்ணு கேக்கேன். இதெல்லாம் எங்க பக்கத்து ஆளுவ இல்லியா?”

“இல்லம்மா. பிள்ளைப் பக்கம்னா மாப்பிள்ளை வீடு இல்ல. குழந்தையோட ரத்தம் ஓடற பக்கம். தாய்ப் பக்கம்னா யாழிசையோட அம்மா வீடு இல்ல. யாழிசையோட ரத்தம் ஓடற பக்கம்.”

“அப்போ எங்க பக்கம்னு ஒண்ணு இல்லவே இல்லியா?”

“எங்க பக்கமும் இல்லீங்களா?” கோகிலாவின் குரலில் அந்தத் துக்கத்திலும் ஒரு வருத்தம் தெரிந்தது.

டாக்டர் சிரித்துவிட்டார் என்று நினைக்கிறேன். “இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இந்தக் கொடியைக் கட்டினதே குழந்தைதான். ஆரம்பத்துல குழந்தையில இருந்து பிரிஞ்ச செல்லுங்கதான் கொடியா வளருது. ரெண்டு தோலும் குழந்தையோடது. தாய்ப் பக்கம் நிக்கிற வாட்ச்மேனும் குழந்தை வெச்ச ஆளுதான். வெளியில நின்னாத்தான் உள்ள காப்பாத்த முடியும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் தெரியல.”

“அப்போ ரெண்டு பக்கமும் பிள்ளைப் பக்கந்தானா?”

“அப்படியும் சொல்லலாம்.”

இரண்டு போன்களும் ஒன்றன்பின் ஒன்றாக 'டிங்' என்றன. அதற்குப் பிறகு யாழிசை மூச்சு விட்ட சத்தம் எனக்கு வெளியே கேட்டது. இன்று உள்ளே போனது கொஞ்சம்தான், நாளைக்கு ஸ்கேன் பார்த்துவிடலாம், அடுத்த மாத்திரைக்குள் எல்லாச் சிவப்பும் இடத்துக்குத் திரும்பிவிடும் என்றார் டாக்டர். பிறகு, பொறுப்பாளர் பெயர்களை மாற்றச் சொல்லி இசக்கிராஜனிடம் சொன்னார். ஒன்று யாழிசை, இன்னொன்று தான். முதல் நாளே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது இசக்கிராஜன் வழக்கம்போல் திட்டு வாங்கிக்கொண்டு நின்றிருப்பான்.

நான் அவசரமாக ஹாலுக்கு ஓடிவந்து கட்டுச்சோறு பரிமாறுகிறவர்களோடு நின்றுகொண்டேன். கதவு திறந்தது. இப்போது என்ன நடக்கும் என்று கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். வேன் நிறைய உறவு. உலகம்மாளோ மனதுக்குள் எதையும் படிக்காதவர். டிவியில் சிவப்புப் புள்ளிகள் மறுபடி எழுந்து தாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் எழுந்துவிட்டார்.

“என்ன மதினி, நம்ம ஆளுவள மறுபடி அவிய பக்கம் அனுப்பிட்டிய? என்ன மாத்திரை கீத்திரைன்னு சத்தம்?”

உலகம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

“டாக்டரம்மா எல்லாஞ் சொல்லிட்டாவ. மொத்தக் கொடியும் பிள்ளை கட்டுனது. ரெண்டு பக்கமும் பிள்ளைப் பக்கந்தான். எல்லாம் நம்ம ஆளுவதான். வெளில காவலுக்கு நிக்காவ. வெளிய நிக்கிறவனுக்குத்தான் மரியாதை. மாத்திரை சத்து மாத்திரை. சாப்பிடுங்க, சோறு ஆறுது.”

வேன் மறுபடி கைதட்டியது. தூணுக்குப் பின்னால் இருந்த பொள்ளாச்சிக்காரர்கள் கோகிலாவின் முகத்தைப் பார்த்தார்கள். சம்பந்தி இவ்வளவு பெரிய தோல்வியைக் கொடுத்தும் அவர் ஏன் உலகம்மாள் இலைக்கு ஓடி ஓடிப் பரிமாறுகிறார் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. தாமோதரன் மட்டும் தன் தீர்ப்பு தள்ளுபடியான வருத்தத்தில், மடியில் இருந்த டாக்டரின் புளிச்சாதத்தைத் தின்றுகொண்டிருந்தார்.

பெண் குழந்தை பிறந்தது. “புள்ளைங்க” என்றார் கோகிலா. “பிள்ளைதான்” என்றார் உலகம்மாள். இருவரும் ஒரே சொல்லைச் சொன்னதை அவர்களே கவனிக்கவில்லை.

அந்த வலிப்பு விஷயத்தை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. நம்ப மாட்டீர்கள், வயிறு பொருமிப் போனது. சொல்லாமல் இருக்கலாம், கேட்காமல் இருக்க முடியுமா? குழந்தை பார்க்கிற சாக்கில் ஒரு சாயங்காலம் போனேன். உலகம்மாள் ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தண்ணீர் டம்ளருமாக யாழிசையின் ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தார். கோகிலா குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

“பிரசவம் ஆகியும் மாத்திரை நிக்கலையா? என்ன மாத்திரைங்க அது?” என்று சும்மாதான் கேட்டேன்.

உலகம்மாள் டம்ளரை மேஜைமேல் வைத்தார். ரூம் வாசலுக்குக் குறுக்கே, முழு வாசலையும் அடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து நின்றார்.

“சத்து மாத்திரை. ஒங்களுக்கு ரெண்டு தரட்டா? தூக்கம் நல்லா வரும். ஜன்னல்ல நிக்க வேண்டியிருக்காது.”

“இல்ல, சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.”

“பேச்சுத்தான. வாங்க, லிஃப்டு வரைக்கும் பேசிக்கிட்டே போவோம்.”

தோளில் கை வைத்தார். ரொம்ப மரியாதையான கை. எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நின்றிருந்தேன். என் வீடு எதிர்வீடுதான், லிஃப்டே தேவையில்லை என்று சொல்லத் திரும்பினேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஜன்னல் திரை இழுபடுகிற சத்தமும், குழந்தையின் சத்தமும் கேட்டன.